நம்பர் முதலில், கேட் பிறகு

1

நான் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. ஹாலந்தில் நான் பார்த்த மற்ற கேட்டுகளைப் போல அதற்கும் ஆள் கிடையாது. மணி அடிக்கும், சிவப்பு விளக்கு மின்னும், கட்டை தானாக இறங்கும். மஞ்சள் ரயில் போனதும் தானாக ஏறும். எங்கள் தெருக்காரர்கள் யாருக்கும் அதைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை. எனக்கு மட்டும் அந்த மணிச் சத்தம் கேட்டால் ஊரில் அண்ணன் நின்ற கேட் ஞாபகத்துக்கு வருகிறது.

போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் என் மகள் ஷீலாவும் பக்கத்தில் தன் சைக்கிளோடு நின்றாள். பத்து வயது. தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்கிற பிள்ளை. கட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "மாமா இப்ப எந்த கேட்டுல இருக்கார்?" என்று டச்சில் கேட்டாள்.

"மாமா இப்ப கேட்டுல இல்ல" என்றேன்.

"ஏன்?"

நான் பதில் தேடுவதற்குள் கட்டை ஏறிவிட்டது. அவள் மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்தப் பத்திரிகையில் நான் கடைசியாக எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏன் எழுதுவதில்லை என்று ஆசிரியர் இரண்டு முறை விசாரித்தார். நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரம் நிறையவே இருந்தது. எழுதுவதற்குத்தான் பயமாக இருந்தது. நான் எழுதியதால் என் அண்ணனுக்கு வேலை போனது. அந்தக் கதைதான் இது.

2

எண்பதாம் வருஷம் இங்கே வந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு முதல் இரண்டு வருஷம் வெளிநாட்டவர் போலீஸ் அலுவலகத்தில் வரிசையில் நிற்பதுதான் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை அங்கே போய் முத்திரை வாங்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பெண்மணி என்னைத் "திருமதி சவரிமுத்து" என்று கூப்பிடுவார். சவரிமுத்து என் அப்பா. பெரிய மீசை வைத்திருந்தவர். முதல் வருஷம் விளக்கிச் சொன்னேன். இரண்டாம் வருஷம் சிரித்து வைத்தேன். இப்போதெல்லாம் சவரிமுத்து என்றால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

அந்தப் பெண்மணி வரிசையாகக் கேள்வி கேட்பார். முகவரி மாறியதா, வேலை மாறியதா, எந்த நாட்டிலாவது தண்டனை உண்டா, எந்த அதிகாரியிடமாவது பொய் வாக்குமூலம் கொடுத்ததுண்டா. பதிலைக் காதில்கூட வாங்க மாட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேனா 'இல்லை, இல்லை' என்று எழுதிக்கொண்டு போகும்.

ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது இதை அண்ணன் வீட்டில் நடித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"வருசா வருசம் கேக்கறாங்களா?" என்றார்.

"ஆமாண்ணா. ஒரு பொய் சொன்னேன்னு தெரிஞ்சா போதும், அன்னிக்கே ப்ளேன்ல ஏத்தி வுட்டுருவாங்க" என்றேன்.

அப்படி ஒன்றும் யாரும் சொன்னதில்லை. கதைக்குக் கொஞ்சம் காரம் சேர்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அந்த முதல் இரண்டு வருஷம் முடிந்து ஒரு கணித ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தேன். என்ன வேலை என்று ஊரில் கேட்டால், "ரகசியப் பூட்டு" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

தெருமுனைத் தபால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் போடும் வாய் ஊருக்கே திறந்திருக்கிறது. எடுக்கிற சாவி தபால்காரரிடம் மட்டும்தான். முன்பெல்லாம் இரண்டு பேர் ரகசியமாகச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், முதலில் எங்காவது சந்தித்து ஆளுக்கொரு சாவி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பத்து வருஷமாகத்தான் புது வழி வந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், ஊரே ஒட்டுக் கேட்கிற கம்பியில், ரகசியம் அனுப்பலாம். பூட்டுகிற சாவியை எல்லாரிடமும் கொடுத்துவிடுவது, திறக்கிற சாவியை மடியில் வைத்துக்கொள்வது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கையெழுத்தும் போடலாம். மடியில் இருக்கிற சாவியால் போட்ட கையெழுத்தை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், வேறு யாரும் போட முடியாது. இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவது சுலபம். பெருக்கி வந்ததைப் பழையபடி பிரிப்பது பெரும்பாடு. அந்தப் பாட்டை நம்பித்தான் இந்தப் பூட்டு நிற்கிறது.

நான் பூட்டு செய்கிறவள் இல்லை. அடுத்தவர் செய்த பூட்டில் ஓட்டை தேடுகிறவள். கிடைத்தால் மறைக்கக் கூடாது. நாலு பேர் படிக்கும்படி எழுதிவிட வேண்டும். கண்டவர்கள் வாயை மூடிக்கொண்டால், கெட்டவன் கண்ணில் படுகிறவரை எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். இது எங்கள் தொழில் தர்மம். எனக்கு இன்றும் அதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பூட்டுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, எனக்குத் தானாகவும் தோன்றவில்லை.

3

வங்கி இயந்திரம் ஒன்றுக்காக யாரோ எழுதிய ஏற்பாட்டில் ஓட்டை கண்டுபிடித்தேன். பூட்டு கெட்டிதான். கையெழுத்தும் அசல்தான். ஆனால் அந்த இயந்திரம் 'சரிபார்த்துவிட்டேன்' என்று முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, அதன் பிறகு சரிபார்க்கிறது. நடுவில் இருக்கிற அந்தச் சிறிய இடைவெளியில் ஒருவன் புகுந்துவிடலாம். இதை என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு விளக்கும்போது ஒரு உதாரணம் தேவைப்பட்டது. எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணன் பெயர் அந்தோணி. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட்டில் கேட்மேன். லைனை ஒட்டிய சின்ன வீடுதான் அவருக்கும் அண்ணிக்கும் குடியிருப்பு. ரயில் வருவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். கேட்மேன் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் இருக்கிற அச்சடித்த தாளைப் பார்த்து அதில் அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். ஒரு எண்ணை ஒரு தடவைதான் சொல்லலாம், சொன்னதும் அடித்துவிட வேண்டும். நம்பர் வந்தால் கேட் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகே கைகாட்டி இறங்கும், ரயில் கிளம்பும்.

அண்ணன் கரும்பு சீசனில் என்ன செய்வார் என்றால், நம்பரை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு போய்க் கேட்டை மூடுவார். ரயில் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனாலும் அந்த நம்பர் எதற்குச் சாட்சி? பேசுகிறவர் அந்தோணிதான் என்பதற்குச் சாட்சி. கேட் மூடியிருக்கிறது என்பதற்கு இல்லை.

நான் சொல்லி முடித்ததும் எங்கள் தலைவர் மேஜையைத் தட்டி ரசித்தார். 'அந்தோணியின் கேட்' என்பது எங்கள் நிலையத்தில் வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. காபி இயந்திரம் காசை வாங்கிக்கொண்டு காபி தராவிட்டால்கூட, "அந்தோணியின் கேட்" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடு இந்தப் பத்திரிகைக்கும் எழுதி அனுப்பினேன்.

பெயர் போடவில்லை. 'என் அண்ணன்' என்று மட்டும் எழுதினேன். ஊரைச் சொல்லவில்லை, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் என்று எழுதினேன். படிக்க அழகாக இருக்கட்டும் என்று கேட்டருகே குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த கெபியையும் சேர்த்தேன். அந்த லைனில் மாதா கெபிக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற, ஹாலந்தில் தங்கச்சி உள்ள கேட்மேன் எத்தனை பேர் இருப்பார்கள்? ரகசியம் காப்பதைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்.

வாசகர் கடிதங்கள் வந்தன. எளிமையாக விளக்கியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். அண்ணன் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கேட் அறையில் ஒட்டி வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார் என்று பிறகு தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது அவர்.

4

அண்ணிதான் திண்டிவனம் வந்து டிரங்க் கால் போட்டுப் பேசினார்.

"ஸ்டெல்லா, உங்கண்ணன சஸ்பெண்டு பண்ணிட்டாங்கம்மா. நீ எழுதுனத கையில வச்சிக்கினு ஒரு ஆபீசரு வந்தாரு. நெஜமா இதுன்னு கேட்டாரு. உங்கண்ணன் பேசாம நின்னுக்கினு இருந்தாரு. அவ்ளோதான்."

ஷீலாவை அழைத்துக்கொண்டு அடுத்த விமானத்தில் கிளம்பினேன். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து போனபோது, கேட்டில் வேறொரு ஆள் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் வீட்டுக்குப் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். பகல் பதினோரு மணிக்கு அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

ஷீலா ஓடிப் போய், "மாமா, உன் ஸ்லாக்போம் எங்க?" என்று கேட்டாள். கேட்டுக் கட்டைக்கு டச்சில் அதுதான் பெயர். தமிழ் வார்த்தை அவளுக்கு வரவில்லை.

"இன்னா பூமு?" என்று அண்ணன் சிரித்தார். "உங்கம்மா வந்துட்டால்ல, கேட்டா வாங்கிக் குடுத்துருவா."

கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அண்ணி சமையல்கட்டில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் திரும்பாமலே கேட்டார்.

"எங்க வூட்ட பத்தி எழுதறதுக்கு மின்ன எங்கள ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"பெருமையாத்தான் எழுதினேன் அண்ணி."

"பெருமைய வச்சி ஒல வெக்க முடியுமா?"

அண்ணி என்னை அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் கூழை ஊற்றி, கடித்துக்கொள்ள வெங்காயம் வைத்து, சாப்பிடச் சொன்னார். வேலை போனால் அந்த வீடும் போகும். அண்ணி போட்ட முருங்கை, அவரைப் பந்தல், கோழிக் கூண்டு எல்லாம் ரயில்வே நிலத்தில் இருந்தன.

5

மறுநாள் காலை போன் மணி அடித்தது. புது கேட்மேன் ஓடிப் போய் முதலில் கேட்டை மூடினான். பிறகு உள்ளே வந்து நம்பர் சொன்னான். சட்டப்படி செய்தான்.

ரோடு அந்த இடத்தில் தண்டவாளத்தை நோக்கி மேடேறுகிறது. ஆலைக்குப் போகிற கரும்பு வண்டி ஒன்று பாதி ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தது. கேட் மூடியதும் வண்டிக்காரர் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல்லை முட்டுக் கொடுத்தார். அப்படியும் வண்டி பின்னால் இழுத்தது. நுகத்தடி கழுத்தை நெரிக்க, இடது பக்கத்து மாடு முன்னங்கால் மடிந்து விழுந்தது. ரயில் போன பிறகும் மாடுகளால் நின்ற இடத்திலிருந்து பாரத்தை அசைக்க முடியவில்லை. பின்னால் இரண்டு வண்டிகள் சேர்ந்துவிட்டன. அண்ணன் உரித்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டுப் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார். நாலைந்து பேர் சேர்ந்து தள்ளித்தான் வண்டி மேலே ஏறியது.

"நீ இருந்தா எங்களுக்கு இந்தப் பாடு உண்டா அந்தோணி?" என்றார் வண்டிக்காரர்.

"ரூலுன்னா ரூலுதான்யா. அவரு செய்யறதுதான் சரி" என்றார் அண்ணன்.

இந்த ஏற்றம் எனக்குப் புதிதல்ல. கல்லூரி நாட்களில் அண்ணன் வீட்டில் தங்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஏற்றத்தில் கால் வைத்துவிட்ட வண்டியை நிறுத்தக் கூடாது என்றுதான் அண்ணன் நம்பரை முன்னால் கொடுத்தார். ஸ்டேஷனிலிருந்து, "ஜல்தி நம்பர் குடுய்யா" என்று அவசரப்படுத்துவார்கள். நம்பரைச் சொல்லிவிட்டு, ஏறிக்கொண்டிருக்கிற வண்டியை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுக் கேட்டை மூடுவார். அவர் செய்தது ஆபத்தில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு நாள் ஒரு அச்சு முறிந்திருந்தால் போதும். அது ஓட்டைதான். ஆனால் அது சோம்பலால் வந்த ஓட்டை இல்லை.

கட்டுரையை முதலில் எழுதியபோது இந்த ஏற்றத்துக்கு ஒரு பத்தி கொடுத்திருந்தேன். திரும்பப் படித்தபோது அது இடைஞ்சலாகத் தெரிந்தது. ஏற்றம் வந்தால் படிக்கிறவர்களுக்கு மாட்டின் மேல் இரக்கம் வந்துவிடும், கணக்கு மறந்துவிடும். உதாரணம் சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அச்சில் வந்தபோது, காரணமே இல்லாமல் நம்பரை முன்னால் சொல்லிவிடுகிற ஒரு அசட்டையான கேட்மேன்தான் மிஞ்சினார். அந்த ஆளைத்தான் ஆபீசர் பிடித்தார்.

6

விசாரணை விழுப்புரத்தில். ஜங்ஷனுக்கு வெளியே டீக்கடையில் யூனியன்காரர் கோவிந்தசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணனுக்காக வாதாட வந்தவர் அவர்தான்.

"ஒரே வார்த்ததாம்மா. 'நான் எழுதினது கற்பனை, கதைக்காக எழுதினேன்'னு சொல்லிடுங்க. வேற சாட்சியே கெடையாது. ஸ்டேஷன் மாஸ்டருங்க வாயத் தொறக்க மாட்டாங்க, தொறந்தா அவங்களுக்கும் பேஜாரு. உங்கண்ணன்கிட்ட இத சொல்லாதீங்க. அவரு மூஞ்சே காட்டிக் குடுத்துடும்."

நான் தயங்கினேன் என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் மரியாதை வரும். நான் தயங்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

பெரிய அறை. மேலே காற்றாடி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. விசாரணை அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பக்கத்தில் ஒரு கிளார்க் பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரோரம் கைகட்டி நின்றார்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"இதுல வர்ற அண்ணன் இவர்தானா?"

"இல்ல சார். அது கற்பனை. கதைக்காக எழுதினேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "டாக்டர் பட்டம் வாங்கினவங்க. வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றவங்க. நடக்காத ஒண்ண நடந்ததா எழுதுவீங்களா?"

"சுவாரசியத்துக்காக எழுதிட்டேன் சார்."

"அப்ப இது பொய்."

"பொய்தான் சார்."

"அப்படியே எழுதிக்கட்டுமா? நான் எழுதியது பொய்னு எழுதினா கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடுறேன் சார்."

கிளார்க் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"எழுதாதீங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. அண்ணன் சுவரை விட்டு முன்னால் வந்திருந்தார். "அவ பொய் எழுதல சார். நம்பர மின்ன குடுத்துட்டு அப்பறந்தான் சார் கேட்ட மூடுவேன். கரும்பு சீசன்ல. நாந்தான் செஞ்சேன்."

கோவிந்தசாமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் நகரவில்லை.

"அந்தோணி, யோசிச்சிச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. "இது ரெக்கார்டுல ஏறிடும்."

"ஏறட்டும் சார். அவ பேரு ஏறக் கூடாது."

"எதுக்காக அப்படிச் செஞ்சீங்க?"

"வண்டிங்க ஏத்தத்துல நிக்காது சார்."

கிளார்க் அதையும் எழுதிக்கொண்டார். அதை எழுதியதால் ஒரு பயனும் இல்லை.

7

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷீலா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏண்ணா இப்படிப் பண்ணின? எல்லாம் முடிஞ்சிருக்குமே."

"உனக்கு முடிஞ்சிருக்குமா?" என்றார் அண்ணன். "வருசா வருசம் கேக்கறாங்கன்னு நீதான சொன்ன. பொய் வாக்குமூலம் குடுத்தியான்னு. இங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, நாள பின்ன அங்க போய் இன்னான்னு சொல்லுவ? உன்ன ப்ளேன்ல ஏத்தி வுட்டா புள்ள படிப்பு இன்னா ஆவறது? எனக்கு ஒரு கேட்டு போனா இன்னொரு வேல கெடைக்கும்மா."

விழுப்புரத்து ஆபீஸ் பீரோவில் தூங்கப் போகிற ஒரு தாள் ஹாலந்து போலீஸ் வரைக்கும் பறந்து வரும் என்று அவர் நம்பியிருக்கிறார். அவராக நம்பவில்லை, என் நடிப்பைப் பார்த்து நம்பினார். நான் சேர்த்த காரம் அது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ரெக்கார்டில் ஏறிவிட்டது, இனி மாற்ற முடியாது, சொல்லி என்ன பயன் என்று சமாதானம் செய்துகொண்டேன். சொல்லாவிட்டால், தங்கச்சியைக் காப்பாற்றினோம் என்ற நினைப்பாவது அவருக்கு மிஞ்சும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன்.

அண்ணனுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மல்லாட்டை மண்டி ஒன்றில் அண்ணன் வாட்ச்மேன். அண்ணி கோழிகளை விற்றுவிட்டார். நான் மண்டி போனுக்குக் கூப்பிடும்போதெல்லாம் அண்ணன் முதலில் கேட்பது, "அங்க ஒண்ணும் கேக்கலையே?" என்பதுதான். இல்லை என்பேன். "அதான். நெஜத்த சொல்லிட்டா எவனும் கிட்ட வர முடியாது" என்பார், திருப்தியாக. இப்படி ஒரு வருஷம் ஓடியது.

நடுவில் முத்திரை வாங்கப் போனேன். எந்த அதிகாரியிடமாவது பொய் வாக்குமூலம் கொடுத்ததுண்டா என்று அந்தப் பெண்மணி வழக்கம்போல் கேட்டார். வழக்கம்போல் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே 'இல்லை' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒரு மனிதர் வேலையையும் வீட்டையும் விட்டார். வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். இங்கே அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அது ஒரு வசதி.

கேட்டருகே கேள்வி கேட்ட அன்று மாலை ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், அவளும் அதிசயமாகக் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் டச்சில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்தத் தாள் இங்கே வராது என்று மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்னும் நீ சொல்லவில்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை மண்டிக்கு போன் போட்டேன். அங்கே பிற்பகல். பின்னால் யாரோ மூட்டை நிறுத்துச் சத்தமாக எடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அங்க ஒண்ணும் கேக்கலையே?" என்றார் அண்ணன்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அந்தப் பேப்பர் இங்க வரவே வராது. இவங்க கேக்கறது சும்மா பேருக்கு. ப்ளேன்ல ஏத்துவாங்கன்னு நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்."

எடை சொல்கிற குரல் மட்டும் கேட்டது.

"அப்ப நா சொன்னது சும்மாவா?"

"ஆமாண்ணா."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே தெரியும். பஸ்லயே தெரியும்."

"ம்" என்றார்.

"இத நான் எழுதலாம்னு இருக்கேண்ணா. ஏத்தத்தப் பத்தியும் சேத்து எழுதறேன். நீ வேணாம்னா எழுதல."

"எழுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புக்கு வந்தா உங்கண்ணிக்கு நாந்தாம்மா படிச்சிக் காட்டணும், அவளுக்குத்தான் எழுத்து வராதே. வூடு போனாலும் ஒரு நல்லதுக்குத்தான் போச்சின்னு அவ நெனச்சிக்கினு இருக்கறா. இப்ப பேசுனோமில்ல, அந்த எடம் வந்தா நா தாண்டிக்கினு போயிடறேன்."